எந்த ஊர் என்று கேட்கிறோம், என்ன படிப்பு என்று கேட்பதில்லை

பிரிக்ஃபீல்ட்ஸில் உடம்பை ஒப்படைக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ஜாலான் துன் சம்பந்தனிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் கடைவீட்டு மாடிப்படிகளில் பலகைகள் தொங்குகின்றன: பார்வையற்றோர் உடம்புப்பிடி நிலையம், கேரள ஆயுர்வேதம், வர்ம சிகிச்சை, கால் ரிஃப்ளெக்சாலஜி. கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் போனால் சேலைக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் நடுவே அதே மாதிரிப் பலகைகள். பங்சாரிலும் மோன்ட் கியாராவிலும் பலகைகூடத் தேவையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல்குளத்தருகே காலையில் ஒரு வெள்ளைக்காரர் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பார். கட்டண விவரம் வாட்ஸ்அப்பில் வரும்.

இவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். கணவரின் வேலைக்காகக் கூடவே வந்து, பொழுது போகாமல் யோகா வகுப்பு தொடங்கியவர் ஒருவர். முப்பது நாள் பயணியாக வந்து ஓட்டல் அறையில் நாடி பிடிக்கும் தமிழ்நாட்டு வைத்தியர் இன்னொருவர். முகவருக்குப் பணம் கட்டி வந்து மாடி அறையில் எண்ணெய் தேய்க்கும் பெண் மூன்றாமவர். இவர்களுக்குள் முறையாகப் படித்தவர்கள் உண்டு. நான்கு வாரப் பயிற்சியோடு ஆசிரியரானவர்கள் உண்டு. ஊர்ப்பெயரைத் தவிர வேறு முதல் இல்லாதவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று பிரித்துக் காட்டுவது யார் பொறுப்பு? மலேசியாவில் கடப்பிதழைப் பார்க்க ஒரு துறை இருக்கிறது. கடையைப் பார்க்க ஊராட்சி மன்றம் இருக்கிறது. மருந்தைப் பார்க்க இன்னொரு பிரிவு இருக்கிறது. தொட்டுச் சிகிச்சை செய்யும் கைக்கு என்ன தெரியும் என்று பார்க்கும் ஏற்பாடுதான் பாதி தூரம் வந்து நிற்கிறது. வாடிக்கையாளரும் அதைப் பார்ப்பதில்லை. வந்தவர் எந்த ஊர் என்பதே அவருக்குப் போதுமானதாக இருக்கிறது.

சோதனை என்றதும் நம் நாளிதழ்களில் வழக்கமாக வரும் செய்தி ஒன்று உண்டு. குடிநுழைவுத் துறை ஓர் உடம்புப்பிடி நிலையத்துக்குள் நுழைந்தது, இத்தனை அந்நியப் பெண்கள் பிடிபட்டார்கள். படத்தில் அவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குற்றச்சாட்டு, 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி முறையான பாஸ் இல்லை என்பதாக இருக்கும். அல்லது 1963ஆம் ஆண்டு விதிமுறைகளின் 39(பி) விதிப்படி பாஸைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பதாக இருக்கும். வேலைக்கு வைத்தவர் மீது அதே சட்டத்தின் 55பி பிரிவு பாயலாம். ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. சட்டம் கடுமையானதுதான். ஆனால் பிடிபட்ட பெண்ணுக்கு உடம்பு பிடிக்கத் தெரியுமா, யாரிடம் கற்றார், அவரிடம் வந்தவர்களில் யாருக்காவது அடிபட்டதா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. அது அந்தத் துறையின் வேலையும் அல்ல.

இதே 39(பி) பங்சாருக்கும் பொருந்தும். வேலை பாஸில் வந்த அதிகாரியின் மனைவியோ கணவரோ சார்ந்தோர் பாஸில் இருந்துகொண்டு, தனியே அனுமதி பெறாமல் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்தினால் அதுவும் பாஸைத் தவறாகப் பயன்படுத்துவதுதான். சமூக வருகை பாஸில் வந்து மூன்று நாள் 'டீடாக்ஸ்' முகாம் நடத்துபவரும் அப்படியே. ஆனால் அதிகாரிகளின் வாகனம் நிற்பது பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிப்படியில்; நீச்சல்குளத்துப் பக்கம் அது போவது அரிது. ஏழைத் தொழிலாளி செய்தால் அது குற்றம், வசதியானவர் செய்தால் அது பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. பாலித் தீவில் இந்த எண்ணம் ஓரளவு உடைந்தது. அங்கே பயணிகளாக வந்த ரஷ்யர்கள் அலைச்சறுக்கு பழக்குவதும், முடிதிருத்துவதும், படமெடுப்பதுமாக உள்ளூர்க்காரர்களின் பிழைப்பில் கைவைப்பதாகப் புகார் முற்றி, 2023 மார்ச்சில் ஆளுநர் வாயான் கோஸ்டர் ரஷ்யர்களுக்கும் உக்ரைனியர்களுக்கும் வருகையின்போது விசா தருவதை நிறுத்தும்படி ஜகார்த்தாவைக் கேட்டார். ஆனால் அங்கேயும் சண்டை பிழைப்பைப் பற்றியதாகத்தான் இருந்தது. கற்றுத் தருபவருக்குத் தொழில் தெரியுமா என்பது கடைசி வரை மேடைக்கு வரவில்லை.

இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் விசா விலக்கு தந்தது. சொந்தம் பார்க்க வருபவர்களுக்கும் பத்துமலைக்கு நேர்ந்துகொண்டவர்களுக்கும் அது பெரிய வரம். முகவர்களுக்கும் அது வரமானது. இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடப்பிதழில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அந்த அனுமதி வாங்க வேண்டிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வேலைக்கென்று கிளம்பினால் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும், அதை அதிகாரிகள் பார்ப்பார்கள். சுற்றுலா என்று கிளம்பினால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் கழன்றுவிடும். மாடி அறையில் எண்ணெய் தேய்க்கும் பெண்ணை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதது இதனால்தான். பயிற்சி தருவதாகச் சொல்லி அழைத்து வந்து, இறங்கிய மறுநாளே வாடிக்கையாளர் முன்னால் நிறுத்துபவர்தான் தகுதியில்லாத சேவையை விற்பவர். பலகை அவருடையது, கல்லாவும் அவருடையது. சோதனை வரும்போது பெரும்பாலும் அவர் அங்கே இருப்பதில்லை.

கையைப் பார்க்கும் ஏற்பாடு பாதி வந்திருக்கிறது என்றேன். அந்தப் பாதி, 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம். சட்ட எண் 775. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, இஸ்லாமிய மருத்துவ முறை, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி ஆகிய ஏழு துறைகளை அது அங்கீகரிக்கிறது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, யோகா, இயற்கை மருத்துவம் எல்லாம் இந்திய மருத்துவம் என்ற ஒரே தலைப்பில் அடங்கும். சட்டம் வருவதற்கு முன் பதிவு என்பது விருப்பமிருந்தால் செய்துகொள்ளும் ஒன்றாக, அந்தந்தத் துறைச் சங்கங்களின் கையில் இருந்தது. இந்திய மருத்துவத்துக்கு பெப்திம் என்ற அமைப்பு அந்த வேலையைப் பார்த்தது. 2021 மார்ச் 1இல் கட்டாயப் பதிவு தொடங்கியது. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்கு மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டு, 2024 பிப்ரவரி 29உடன் அது முடிந்தது. பதிவில்லாமல் தொழில் செய்தால் முதல் முறைக்கு 30,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தாமதமாக வந்தாலும் நல்ல சட்டம். கைரோபிராக்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்காசியாவிலேயே முதல் பட்டப்படிப்பை புக்கிட் ஜாலிலில் உள்ள பன்னாட்டு மருத்துவப் பல்கலைக்கழகம் 2010இல்தான் தொடங்கியது. அதற்கு முன் இங்கே முதுகெலும்பை நெட்டி முறித்தவர்கள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ படித்துவிட்டு வந்தவர்கள், அல்லது படித்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வாடிக்கையாளருக்கு வழி இருக்கவில்லை. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள்வதே குற்றம். இந்த விஷயத்தில் நாம் அவர்களைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தோம்.

சட்டம் 775 நோயைத் தொடுபவரைத்தான் பார்க்கிறது. சுகத்துக்காக எண்ணெய் தேய்க்கும் ஸ்பாவின் தரமதிப்பீடு சுற்றுலா அமைச்சின் பக்கம் போய்விடும். வணிக உரிமம் ஊராட்சி மன்றத்தின் பக்கம். ஸ்பா வேலைக்கு மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு என்றாலும் வாசலில் அதைக் கேட்பவர்கள் குறைவு. யோகாவைச் சிகிச்சையாகச் செய்தால் ஒரு கணக்கு, வகுப்பாக நடத்தினால் வேறொரு கணக்கு. உடற்பயிற்சிக் கூடத்தில் தனிப்பயிற்சியாளராக இருப்பவர் எந்தக் கணக்கிலும் இல்லை. இதே 2016இல் வந்த இன்னொரு சட்டமான துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், எண் 774, இயன்முறை சிகிச்சையாளர், உணவியல் வல்லுநர் உட்பட 23 தொழில்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. தனிப்பயிற்சியாளர் அந்தப் பட்டியலில் கிடையாது. விளையாட்டுப் பயிற்றுநர்களுக்குத் தேசியச் சான்றிதழ்த் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அடுக்குமாடி நீச்சல்குளத்தில் கட்டணம் வாங்கிப் பயிற்சி தருபவரிடம் அதைக் கேட்க ஆளில்லை.

எல்லா நாடும் இப்படி விட்டுவிடவில்லை. பிரான்சில் கூலிக்கு உடற்பயிற்சி கற்றுத்தர அரசு ஏற்கும் பட்டயமும் தொழில் அட்டையும் வேண்டும். பிரேசிலில் 1998ஆம் ஆண்டின் 9696ஆம் எண் சட்டம், உடற்கல்வித் தொழில் மன்றத்தில் பதிந்தவர்தான் அந்த வேலையைச் செய்யலாம் என்கிறது. இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் குந்துகை கற்றுத்தர முடியாதவர், பங்சாரில் வந்து இறங்கியதும் 'ஐரோப்பியப் பயிற்சியாளர்' ஆகிவிடுகிறார். உச்சரிப்பைக் கேட்டதும் நமக்குச் சான்றிதழ் ஞாபகமே வருவதில்லை.

யோகாவின் கதை இன்னும் சுவாரசியமானது. அது நம் மலாயாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி தஞ்சாவூரில் மருத்துவம் பயின்றவர்; 'அம்புரோசியா' என்ற மருத்துவ இதழை நடத்தியவர். 1913இல் கப்பலேறி மலாயா வந்தார். கையில் ஓர் அறிமுகக் கடிதம் இருந்தது. சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்ட நிர்வாகி, தனியாக ஒரு மருத்துவமனையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, மூன்றைக்கூடப் பார்த்துக்கொள்வேன் என்று பதில் சொன்னதாக அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இன்றைய கண்ணில் பார்த்தால் இதுவும் வாய்ச்சொல்லால் வேலை வாங்கிய வெளிநாட்டுக்காரரின் கதைதான். ஆனால் அவர் பிறகு பத்தாண்டுகள் தோட்டத்திலும் ஜொகூர் பாருவிலும் மருத்துவமனைக்குள்ளேயே உழைத்தார். மேலே கணக்குக் கேட்க ஆள் இருந்தார்கள், கீழே பிழைத்தவரும் இறந்தவரும் கணக்கில் இருந்தார்கள். 1923இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு ரிஷிகேஷில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936இல் நிறுவினார். அதன் கிளை பத்துமலையில் இன்றும் இருக்கிறது.

அவருடைய சீடர், கேரளத்தைச் சேர்ந்த விஷ்ணுதேவானந்தர், குருவின் சொல்படி 1957இல் மேற்கே போனார். 1969இல் யோகா ஆசிரியர்களுக்கான பயிற்சியைக் கனடாவில் தொடங்கினார். ஆசிரமத்திலேயே தங்கி, விடியுமுன் எழுந்து, நான்கு வாரம் இடைவிடாமல் பயில்வது அதன் வடிவம். அதற்கு அவர் நோக்கில் ஒரு நியாயம் இருந்தது: பயின்றவர் குருமரபோடு தொடர்பில் இருப்பார், தொடர்ந்து பழகுவார். பிற்பாடு அந்த நான்கு வாரம் மட்டும் தனியே கழன்று சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் 1999இல் 'யோகா அலையன்ஸ்' அமைப்பு 200 மணி நேரம் என்ற அளவுகோலை வைத்தது. அது பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பட்டியலிடும் பதிவேடுதான். அது ஆசிரியரை நேரில் நிறுத்தித் தேர்வு வைப்பதில்லை. 2020இல் பெருந்தொற்று வந்ததும் இணையவழிப் பயிற்சிக்கும் இடம் கொடுத்தது. ரிஷிகேஷிலும் கோவாவிலும் பாலியிலும் இந்த 200 மணிப் பயிற்சி இன்று ஒரு தொழில். அதை முடித்த ஒருவர் கோலாலம்பூரில் 'சர்வதேசச் சான்று பெற்ற ஆசிரியர்' என்று அறிமுகமாகிறார். பத்தமடைக்காரர் மலாயாவில் கற்ற பத்தாண்டு எங்கே, இந்த நான்கு வாரம் எங்கே?

மலேசியாவில் யோகாவைப் பற்றி நாடு தழுவிய விவாதம் ஒன்று நடந்தது உண்டு. 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம், மந்திரமும் வழிபாடும் சேர்ந்த யோகா முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்றது. அன்றைய பிரதமர் அப்துல்லா படாவி, மந்திரம் இல்லாத உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்று விளக்கம் தந்தார். பல நாள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக ஓடியது. ஓம் சொல்லலாமா கூடாதா என்று எல்லோரும் பேசினார்கள். கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ளவரைத் தலைகீழாக நிறுத்தலாமா கூடாதா என்று யாரும் பேசவில்லை. நிறுத்தக்கூடாது. தலைகீழ் ஆசனங்களில் கண்ணின் உள்ளழுத்தம் வெகுவாக உயரும்.

நான்கு வாரத்தில் ஆசனங்களைக் கற்றுவிடலாம், நல்ல மாணவர் அழகாகவே கற்பார். யாருக்கு எதைச் செய்யக்கூடாது என்பதை அந்தக் காலத்தில் கற்க முடியாது. நீரிழிவால் கால் மரத்துப்போனவருக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோவது அவருக்கே தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். கெண்டைக்கால் வீங்கி ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருப்பவரை அழுத்திப் பிடித்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறலாம். கழுத்தை வேகமாகத் திருப்பி நெட்டி முறிக்கும்போது அரிதாக முதுகெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது மருத்துவ நூல்களில் பதிவானது. பழக்கமில்லாதவரை முதல் நாளே வெறித்தனமாக உடற்பயிற்சி செய்ய வைத்தால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். இன்சுலின் போடுபவரை மருத்துவரைக் கேட்காமல் பட்டினி போடும் 'டீடாக்ஸ்' முகாம் அவரை மயக்கத்தில் தள்ளும். தேர்ந்த உடம்புப்பிடிக்காரருக்கும் தேறாதவருக்கும் கைத்திறத்தில் உள்ள வித்தியாசம் சில வேளை சிறிதுதான். 'இதை நான் செய்ய மாட்டேன், நீங்கள் கிளினிக்குக்குப் போங்கள்' என்று சொல்லத் தெரிவதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

நீரிழிவைப் பேசியதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். முழங்கால் வலி, நரம்புத் தளர்ச்சி, பக்கவாதத்துக்குப் பிந்தைய முடக்கம் எல்லாம் அதோடு சேர்ந்து வருபவை. அரசு மருத்துவமனையில் நாள் முழுக்கக் காத்திருந்து, மருத்துவர் முகத்தைச் சில நிமிடம் பார்த்து வரும் ஒருவருக்கு, அரை மணி நேரம் உட்கார்ந்து தமிழில் கேட்டுக்கொள்ளும் வைத்தியர் தெய்வமாகத் தெரிவார். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஓட்டல் அறையில் 'மூன்று நாள் மட்டும்' என்று முகாம் போடுபவருக்குக் கூட்டம் சேருவது இதனால்தான். ஊரில் லாட்ஜ் வைத்தியர் என்று நாம் சிரிக்கும் அதே முறை, கடல் தாண்டியதும் மரியாதை பெறுகிறது.

இதில் சட்டம் இந்தியாவில் தெளிவாக இருக்கிறது. பரம்பரை வைத்தியர்கள் என்று சொல்லிக்கொண்டு அங்கீகரித்த படிப்பும் பதிவும் இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 13இல், கேரளத்தின் பரம்பரை ஆயுர்வேத வைத்தியர்கள் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்தது. சித்தத்தில் பட்டம் வாங்க ஐந்தரை ஆண்டு ஆகும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் பேர்பெற்ற இடங்கள். அங்கே படித்து வந்த ஒருவர் கிள்ளானில் உட்கார்ந்தால் அவரை வணங்கி வரவேற்கலாம். சொந்த ஊரில் மருந்துக் கடைகூட வைக்க முடியாதவர் இங்கே மேடையேறுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அவர் பையில் கொண்டுவரும் மருந்து தனிக் கவலை. அமெரிக்க மருத்துவ இதழான 'ஜாமா' 2004இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ கணிசமாக இருந்தது. முழங்கால் வலி மூன்றே நாளில் பறந்துவிட்டது என்று மகிழ்பவர்கள், அந்தப் பொடியில் ஸ்டெராய்டு கலந்திருக்குமோ என்றும் ஒரு கணம் யோசிக்கலாம். கலப்பட மருந்துகளைப் பற்றிய மலேசிய அதிகாரிகளின் எச்சரிக்கைகளில் டெக்ஸாமெத்தசோன் திரும்பத் திரும்ப வரும் பெயர். மலேசியாவில் விற்கும் பதிவு பெற்ற மருந்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய், மலட்டுத்தன்மை உட்பட இருபது நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. நம் நாளிதழ்களை ஒரு வாரம் புரட்டிப் பார்த்தால் இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பது விளங்கும். விளம்பரக் காசுக்கு அங்கே ஒரு வாய், வைத்தியரைத் திட்டும் தலையங்கத்துக்கு வேறொரு வாய்.

இவ்வளவு கூட்டத்துக்கும் நடுவே, முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு பிரிவினர் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வெளிநாட்டினர் அல்லர். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அதன் தலைமையகம் இங்கேதான். கர்னி பயிற்சி மையத்தில் பார்வையிழந்தவர்கள் உடம்புப்பிடியும் ரிஃப்ளெக்சாலஜியும் கற்றுக்கொண்டு வெளியே வந்து, பக்கத்துத் தெருக்களிலேயே தொழிலை அமைத்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றால் பார்வையற்றோர் உடம்புப்பிடி என்று பேர் வந்தது இப்படித்தான். தடவிப் பார்த்தே தசையின் முறுக்கைச் சொல்லும் கைகள் அவை. 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்த பிறகு தெரு அழகானது, வாடகையும் ஏறியது. விளக்கு அலங்காரமும் வாசலில் நின்று கூப்பிடும் ஆட்களும் வைத்த கடைகளோடு பார்வையற்றவர் எப்படிப் போட்டி போடுவார்? தெருவில் போகும் வாடிக்கையாளரை அவர் பார்க்கவே முடியாது. உடம்புப்பிடி என்ற பெயரில் வேறு தொழில் நடத்தும் கடைகளால் அவர்களுடைய பேரும் சேர்ந்து கெடுகிறது என்ற மனக்குறை அவர்களிடம் நெடுநாளாக உண்டு.

தென் கொரியா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே உடம்புப்பிடி உரிமம் பார்வையற்றோருக்கு மட்டும்தான். 2006இல் அரசியல் சாசன நீதிமன்றம் இதை ரத்து செய்தது. பார்வையற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நாடாளுமன்றம் சட்டத்திலேயே அதை எழுதி வைத்தது. 2008 அக்டோபர் 30இல் அதே நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மறுநாள், அக்டோபர் 31இல், தைவானின் நீதிபதிகள் இதே போன்ற ஒதுக்கீடு அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இருபத்து நாலு மணி நேரத்தில் இரண்டு நாடுகள், இரண்டு நியாயங்கள். தாய்லாந்து வேறு மாதிரி. அது தன் 'தாய் மசாஜ்' தொழிலை வெளிநாட்டவர் செய்யக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மலேசியாவில் கொரியச் சட்டம் நடக்கிற காரியம் என்று நான் நினைக்கவில்லை. தாய்லாந்து வழியும் எனக்கு உவப்பில்லை. கடப்பிதழைப் பார்த்துத் திறமையை முடிவு செய்யும் பழைய தவறுதான் அது. ஆனால் விமான நிலையம், ரயில் நிலையம், அரசு வளாகம் போன்ற இடங்களில் உடம்புப்பிடிக்கு இடம் ஒதுக்கும்போது சான்று பெற்ற பார்வையற்றோருக்கு முதலுரிமை கொடுக்க எந்த நீதிமன்றத்தையும் கேட்க வேண்டியதில்லை.

வெளிநாட்டவர் என்பதே குறையாகிவிடக்கூடாது என்பதற்கு அரசாங்கமே ஒரு நல்ல முன்மாதிரி வைத்திருக்கிறது. 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, அரசு மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் வந்தன. 2010இல் இந்தியாவும் மலேசியாவும் பாரம்பரிய மருத்துவம் பற்றிய புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. அதன் வழியே இந்திய அரசு அனுப்பிய ஆயுர்வேத வல்லுநர்கள் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையில் சிரோதாரா சிகிச்சை தந்தார்கள். நெற்றியில் எண்ணெய் ஒழுக விடும் அதே சிகிச்சைதான் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியிலும் கிடைக்கிறது. ஆனால் செராஸில் வந்தவரின் படிப்பு என்னவென்று இரண்டு அரசுகளுக்கும் தெரியும். எந்த நோயாளிக்கு அது ஆகாது என்று சொல்ல மருத்துவர் பக்கத்தில் இருக்கிறார். ஏதாவது ஆனால் கோப்பு இருக்கிறது.

மாடியில் ஏதாவது ஆனால்? பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 50,000 ரிங்கிட் வரை வழக்குகளை அது கேட்கும், வழக்கறிஞர் வேண்டாம், செலவும் சொற்பம். பத்து வகுப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் பறந்துவிட்ட பயிற்சியாளரிடம் கட்டணத்தைத் திரும்பக் கேட்க அது உதவும், ஆளைப் பிடிக்க முடிந்தால். ஆனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், உடற்காயமும் மரணமும் தொடர்பான கோரிக்கைகளை அந்த மன்றம் விசாரிக்க முடியாது என்கிறது. கழுத்து போனால் சிவில் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். எதிராளியோ முப்பது நாள் பாஸில் வந்தவர். வழக்கு எண் கிடைக்குமுன் அவர் சென்னையிலோ மெல்பர்னிலோ இருப்பார். காப்பீடு என்ற ஒன்று அவரிடம் இருந்ததா என்று முன்கூட்டியே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் பார்வையில் செய்ய வேண்டியது இரண்டு காரியங்கள். தனிப்பயிற்சியாளர், யோகா ஆசிரியர், ஸ்பா ஊழியர் ஆகிய மூவரையும் ஏதாவது ஒரு பதிவேட்டில் கொண்டுவர வேண்டும். உள்ளூர்க்காரரோ வெளிநாட்டவரோ, பதிவும் காப்பீடும் இல்லாமல் கட்டணம் வாங்கக்கூடாது என்று ஒரு வரி சட்டத்தில் சேர வேண்டும். இரண்டாவதாக, குடிநுழைவுத் துறை சோதனைக்குப் போகும்போது சுகாதார அமைச்சின் அமலாக்க அதிகாரியும் கூடப் போனால், பாஸ் இல்லாத தொழிலாளியோடு சேர்த்துப் பதிவில்லாத முதலாளியும் பிடிபடுவார். இவை அரசின் கையில் இருப்பவை, நாளாகும்.

நம் கையில் இருப்பது உடனே நடக்கக்கூடியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வெளியூர் வைத்தியர்களுக்கும் யோகா குருமார்களுக்கும் மேடை போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் நாம்தான். கோயில் மண்டபம், சங்கக் கட்டடம், தமிழ்ப்பள்ளித் திடல், இவற்றின் நிர்வாகக் குழுக்களில் நம் அண்ணன்மார்களும் அக்காமார்களும் இருக்கிறார்கள். வருபவருக்கு மாலை போடுமுன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: பாரம்பரிய, துணை மருத்துவ மன்றத்தின் பதிவு, இங்கே தொழில் செய்ய அனுமதிக்கும் பாஸ், மருந்து விற்றால் அதன் 'எம்ஏஎல்' எண். சங்கடமாக இருந்தால் செயலாளர் கேட்கச் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். தாள்களைக் காட்டத் தயங்குபவருக்கு மண்டபம் கொடுக்காதீர்கள். பதிவு பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.